பின்னணியைத் துடைக்கும் பழக்கம்

அண்மையில் பார்த்த ஒரு புகைப்படக் கண்காட்சியில் முதல் பரிசு ஒரு நெசவாளரின் முகத்துக்குப் போயிருந்தது. அவர் நெசவாளர் என்பது படத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தால்தான் தெரியும். இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூக்கின் மேல் கண்ணாடி அழுந்திய தழும்புகூடத் தெளிவு. காதுமடலில் மங்கத் தொடங்கி, தோளுக்குப் பின்னால் எல்லாமே பழுப்பும் மஞ்சளுமாகக் கரைந்துவிட்டது. அந்தக் கரைசலுக்குள்தான் தறி இருந்திருக்க வேண்டும். குழித்தறியா, விசைத்தறியா? பாவில் ஓடியது பட்டா, பருத்தியா? தலைக்கு மேல் ஜக்கார்டு அட்டைகள் தொங்கினவா? கூரை ஓடா, சிமென்ட் ஷீட்டா? நூல் சுற்றிக் கொடுக்க வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களா? எதற்கும் படத்தில் பதில் இல்லை. பின்னணி இரைச்சலை அகற்றி மனிதரை முன்னிறுத்திய படம் என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள். ஒருவர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து உழைத்த தறியை இரைச்சல் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நடுவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் படித்த பாடம் அது. டிஜிட்டல் கேமரா பரவிய பிறகு புகைப்படப் பயிற்சி பெரும்பாலும் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிட்டது: எதை எடுக்க எந்த லென்ஸ், எந்த அப்பெர்ச்சர், எந்த ஷட்டர் வேகம். அட்டவணை என்பதற்காகவே அதை நான் ஒதுக்கவில்லை. முழுநிலவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி என்று சொல்லிக்கொடுத்தால் முதல் நாளே நிலவின் கறைகள் படத்தில் விழும். நிலவின் மேல் அடிப்பதும் நம் பகல் வெயில்தானே. பறக்கும் கொக்குக்கு 1/2000 நொடி வேண்டும். அருவி நீர் இழையிழையாகத் தெரியக் கால் நொடியும் முக்காலியும் வேண்டும். எறும்பை நெருங்கி எடுத்தால் எஃப்/16 வைத்தாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான் தெளிவாகும். பல படங்கள் எடுத்து அடுக்கத்தான் வேண்டும். இவையெல்லாம் புதிதாகக் கேமரா பிடிப்பவருக்கு நிறையக் காலத்தை மிச்சப்படுத்தும் குறிப்புகள். சரி.

அதே அட்டவணையில், அதே எழுத்தில், உருவப்படம் என்றொரு வரியும் வருகிறது: 85 எம்.எம். லென்ஸ், எஃப்/1.4 அல்லது 1.8, பின்னணி முழுக்க பிளர். நிலவுக்கான வரி இயற்பியல். இந்த வரி வெறும் ரசனை. இயற்பியலுக்குப் பக்கத்தில் அச்சானதால் ரசனைக்கும் விதியின் அதிகாரம் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளை இரண்டையும் ஒரே பக்தியோடு மனப்பாடம் செய்கிறது.

அந்த வரி என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 எம்.எம். லென்ஸை எஃப்/1.4 வரை திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். முகம் சற்றே திரும்பியிருந்தால் ஒரு கண் தெளியும், மற்றது மங்கும். மூக்கு நுனியும் காதும் கணக்கில் இல்லை. இதற்கு மாறாக 35 எம்.எம். லென்ஸ், எஃப்/8, இரண்டு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1.4 மீட்டரிலிருந்து 3.3 மீட்டர் வரை தெளிவு. ஆள், அவர் கை, கையில் உள்ள நாடா, முன்னால் நீண்டிருக்கும் பாவு, சுவரில் மாட்டியிருக்கும் சாமி படம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

பார்ப்பவரின் கவனம் முகத்தை விட்டு நகரக்கூடாது, அதற்காகத்தான் பிளர் என்பது வழக்கமான வாதம். கவனத்தைக் கட்டிவைக்க இது ஒன்றுதான் வழி என்பதுபோலப் பேசுகிறார்கள். வெளிச்சம் எதற்கு இருக்கிறது? ஆளை எங்கே நிறுத்துவது, நாம் எங்கே நிற்பது, எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதெல்லாம் எதற்கு? ஆர்னால்ட் நியூமேன் 1946இல் எடுத்த ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தில் பெரும்பகுதியை ஒரு பியானோவின் திறந்த மூடிதான் நிறைத்திருக்கிறது. இசையமைப்பாளர் இடப்புறம் கீழ் மூலையில், கையில் தலையைச் சாய்த்தபடி, சிறிய உருவமாக இருக்கிறார். அந்தப் படத்தில் எவருடைய பார்வையும் அவரை விட்டு விலகுவதில்லை. பியானோவை மங்கலாக்கியிருந்தால் ஒரு கண்ணாடிக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

ஃபோகஸ் விலகினாலே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்டன் பார்க்ஸ் 1942இல் வாஷிங்டனில் எடுத்த புகழ்பெற்ற படம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த எல்லா வாட்சன் ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் தரை துடைக்கும் மாப்புமாக நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார். பின்சுவரில் அமெரிக்கக் கொடி தொங்குகிறது. கொடி கூர்மையாக இல்லை, கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் அது கொடி என்பதில் எவருக்கும் ஐயம் வராது; படத்தின் குற்றச்சாட்டே அந்தக் கொடியில்தான் இருக்கிறது. நம் அட்டவணைப்படி எடுத்திருந்தால் சாம்பல் நிறக் கரைசலுக்கு முன்னால் களைத்துப்போன ஒரு பெண்ணின் முகம் மட்டும் மிஞ்சியிருக்கும். அமெரிக்கா தப்பித்துக்கொண்டிருக்கும்.

ரிச்சர்டு அவெடனைச் சொல்லி மடக்கப் பார்ப்பார்கள். அமெரிக்க மேற்குப் பகுதியில் 1979 முதல் 1984 வரை அவர் எடுத்த படங்களில் பின்னணி என்பதே கிடையாது, வெறும் வெள்ளைத் தாள்தான். உண்மை. ஆனால் அவர் இடத்தை விலக்கியதை மறைக்கவில்லை. வெள்ளைத் தாள் கண்ணெதிரே நிற்கிறது. அந்தத் தாளுக்கு முன்னால் நிற்பவரைப் பெரிய 8×10 கேமராவில் அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்தார். சுரங்கத் தொழிலாளியின் மேல் படிந்த கரி, கசங்கிய சட்டை, கை நிற்கும் விதம் என்று உழைப்பின் அடையாளம் உடம்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் கை எங்கே வரும், சட்டை எங்கே வரும்?

வெளிச்சம் போதாததால்தான் லென்ஸை முழுக்கத் திறக்கிறோம் என்பது இன்னொரு காரணம். ஃபிலிம் காலத்தில் இதில் நியாயம் இருந்தது. இருட்டு வீட்டுக்குள் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமோடு நின்றவருக்கு வேறு வழியில்லை. எஃப்/1.4இலிருந்து 5.6க்குப் போனால் ஒளி நான்கு ஸ்டாப், அதாவது நான்கு முறை பாதிபாதியாக, குறையும். ஐஎஸ்ஓ 400, 6400 ஆக வேண்டும். இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 6400 ஒரு சுமையே இல்லை. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவருக்கு ஷட்டரை 1/250இலிருந்து 1/60 ஆக்கினால் 1600 போதும். தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. வெட்டவெளியில் நடப்பதைப் பார்த்தால் இந்தக் காரணம் எவ்வளவு பொய் என்பது விளங்கும். தூத்துக்குடி உப்பளத்தில் நடுப்பகலில் எஃப்/1.4 வைத்தால், ஐஎஸ்ஓ 100இலும் பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டருக்கு அதிகபட்சமான 1/8000 நொடி போதாது, படம் வெளுத்துவிடும். அதற்காக லென்ஸின் முன்னால் ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள். வெளிச்சம் கொட்டிக் கிடக்கும் இடத்தில், அதைத் தடுத்து நிறுத்தியாவது பின்னணியை அழிக்கிறார்கள். பாத்தியும் வரப்பும் உப்புக் குவியலும் கண்ணைக் கூசவைக்கும் அந்த வெண்மையும்தான் அங்கே வேலை பார்ப்பவரின் கண்களைச் சுருக்கியிருக்கின்றன. சுருக்கத்தை வைத்துக்கொண்டு காரணத்தைத் துடைத்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் என் நெடுநாள் மனத்தாங்கல் இருக்கிறது. யாருடைய பின்னணி அழிகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பத்திரிகையில் எழுத்தாளரின் படம் வந்தால் பின்னால் புத்தக அலமாரி இருக்கும், சில முதுகுகளில் தலைப்பைக்கூட வாசிக்கலாம். பாடகர் என்றால் பக்கத்தில் தம்புரா. தொழிலதிபருக்கு மேசை, சுவரில் விருதுகள், கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நகரம். மீனவர், உப்பளத் தொழிலாளி, சந்தையில் வெற்றிலை விற்கும் கிழவி என்றால் முகச்சுருக்கம் போதும் என்று லென்ஸ் திறந்துகொள்கிறது. முதல் வரிசைக்காரர்களுக்கு ஊர், தொழில், வரலாறு எல்லாம் உண்டு. இரண்டாம் வரிசைக்காரர்களுக்கு வயது மட்டும் உண்டு. போட்டிகளில் ஆண்டுதோறும் பரிசு வாங்கும் கறுப்புவெள்ளைக் கிழமுகங்களை வரிசையாக வைத்தால் எவர் எந்த ஊர், என்ன வேலை என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஏழைகள், எல்லோரும் முதியவர்கள், எல்லோரும் அழகான சுருக்கம் உடையவர்கள். இதை மனிதநேயம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய ஸ்டூடியோக்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். திரைச்சீலையில் தாஜ்மகாலும் மாடிப்படியும் வரைந்து வைத்திருந்தார்கள். பொய்யான பின்னணிதான். ஆனால் எந்தத் திரை வேண்டும் என்று எடுத்துக்கொள்பவரைக் கேட்டார்கள். எங்கே நிற்க ஆசைப்பட்டார் என்பதாவது படத்தில் பதிவானது. பிளர் வைக்கிறவர் யாரையும் கேட்பதில்லை.

இந்தியாவில் வேறு வழியைக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 1999இல் மறைந்த ரகுபீர் சிங் வண்ணத்தில் எடுத்த தெருக்களில் ஒரே சட்டத்துக்குள் ஐந்தாறு பேர் ஐந்தாறு வேலையில் இருப்பார்கள். கார்க் கண்ணாடியும் கதவும் தூணும் சட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும். தமிழ்நாட்டைப் பற்றியே அவர் தனியாக ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தயானிதா சிங் வசதியான குடும்பங்களை அவர்கள் வீட்டுக்குள்ளேயே நிறுத்தி எடுத்தார். சோபாவும் சுவர்ப் படங்களும் மனிதர்களுக்கு இணையாகப் பேசும். இருவரும் பின்னணியைப் பார்த்தார்கள். பார்ப்பது கடினமான வேலை. தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்தால் அரை அடி நகர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவைப்பதா, அது அந்த வீட்டின் பகுதிதானா என்று முடிவெடுக்க வேண்டும். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்துக்குப் பேச்சுக் கொடுத்தபடியே ஆளை அழைத்துவர வேண்டும். எஃப்/1.4 இந்த வேலை அத்தனையிலிருந்தும் விடுதலை தருகிறது. அதனால்தான் அது இவ்வளவு பரவியது என்று நம்புகிறேன். விலையும் ஒரு காரணம். போனில் வராத பிளர் கேமராவில் வந்ததால், பிளர் இருந்தாலே பெரிய கேமரா, பெரிய ஆள் என்று ஆகிவிட்டது.

பிறகு போனும் அதையே பிடித்துக்கொண்டது. 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் போர்ட்ரெய்ட் மோடைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. போனின் சின்ன சென்சாரில் இயல்பாகவே ஆழம் அதிகம், அறை முழுவதும் தெளிவாக விழும். எளிய மக்கள் கையில் முதன்முறையாக அப்படி ஒரு கருவி வந்தது. அதன் பலத்தைக் கணக்குப் போட்டுக் கெடுப்பதற்கு ஒரு மென்பொருள். மல்லிகைச் சரத்தின் ஓரம் பாதி கரைந்திருக்கும். இடுப்பில் கைவைத்து நிற்பவரின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் மட்டும் பின்சுவர் பளிச்சென்று தெரியும். இவற்றை வருடாவருடம் சரிசெய்து கொண்டுதான் இருக்கிறார்கள், அந்தத் திறமையை மறுக்கவில்லை. எதற்காக இவ்வளவு திறமை என்பதுதான் என் கேள்வி.

கல்யாண போட்டோகிராபர்களிடம் இதைப் பேசினால் ஒரே பதில்தான் வரும்: “பிளர் இல்லேன்னா போன்ல எடுத்த மாதிரி இருக்குன்னு கஸ்டமரே சொல்றாங்க சார்.” காட்டுகிற சாம்பிள் ஆல்பத்தில் அது மட்டுமே இருந்தால் அவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அதே வீட்டுக்காரர்கள் எழுபதுகளில் எடுத்த கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தில் விரல் நிற்பதில்லை. பின்னால் நிற்பது யார், அந்தத் தூண் எந்த வீட்டுத் தூண், ரேடியோ யார் வாங்கியது, கதவோரம் எட்டிப்பார்க்கும் குழந்தை நம் சித்தப்பாவா என்றுதான் பேச்சு போகும். இறந்துபோன பாட்டியின் ஒரே படம் சில வீடுகளில் இப்படி யாருடைய தோளுக்கோ பின்னால்தான் இருக்கிறது.

மணப்பெண்ணின் முகத்தை எஃப்/1.4இல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மண்டபத்துக்குக் கிளம்பும் முன் வீட்டுக்குள் ஓர் அரைமணி நேரமாவது லென்ஸை எஃப்/8க்கு மூடி, அறை அறையாக, யார் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ அப்படியே எடுக்க வேண்டும். அடுக்களையில் காபி ஆற்றுகிறவர், பூக்கட்டுகிறவர்கள், திண்ணையில் செருப்புக் குவியல், சுவர்க் காலண்டரில் அன்றைய தேதி. ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் குருணை விழும். விழட்டும்.