கொடுத்தான் என்று சொல்லாதீர்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி கடற்கரைச் சாலை. ‘மேரி’ கட்டடத்து வாசலில், சென்னையிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு கைடு ஒருவர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

‘‘பிரெஞ்சுக்காரன் நம்ம ஆளுங்களுக்கு அப்பவே ஓட்டு கொடுத்தான் சார். எட்டு மணி நேர வேலை கொடுத்தான். அதுவும் ஆசியாவுலயே முதல்ல!’’

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பல வருஷம் இப்படித் தலையாட்டியவன்தான். ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ‘வரவு’ என்று சொன்னால், ‘யார் கணக்கில்?’ என்று கேட்டுத் தொலைப்போம். வாருங்கள், இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் ஓட்டு. கைடு சொன்னது பொய்யில்லை. 1870-களிலிருந்தே பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு பிரெஞ்சிந்தியா ஒரு உறுப்பினரை அனுப்பியது. வயது வந்த ஆண்களுக்கு ஓட்டு. பக்கத்துக் கடலூரில், பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தில், 1937 தேர்தலில்கூட சொத்து, வரி, படிப்பு என்று பார்த்துத்தான் ஓட்டுரிமை. அந்த வகையில் நம் ஊர் முந்திக்கொண்டது நிஜம்.

ஆனால், அந்த ஓட்டை வைத்து யாரை அனுப்பினோம்? இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பாரீஸில் போய் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட இந்த ஊர்க்காரர் இல்லை. 1930-களில் நம் ‘பிரதிநிதி’ பியேர் துபுய், பாரீஸின் பெரிய பத்திரிகை முதலாளி ஒருவரின் மகன். நெசவு மில் தொழிலாளியின் கஷ்டம் அவருக்கு எந்த அளவுக்குத் தெரிந்திருக்கும்? நீங்களே யோசியுங்கள்.

உள்ளூர் சபையில் இன்னும் வேடிக்கை. 1899 முதல் இரண்டு வாக்காளர் பட்டியல். ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. சில நூறு ஐரோப்பியருக்குப் பாதி இடம், லட்சக்கணக்கான இந்தியருக்கு மீதிப் பாதி! அந்தப் பாதிக்கும் காசு, அடியாள், கள்ள ஓட்டு. 1914 தேர்தலில் அரவிந்தரின் நண்பர் பால் ரிஷார் நின்றார். அவருக்கு விழுந்த ஓட்டுகள் எண்ணும்போது எப்படிக் காணாமல் போயின என்று அரவிந்தரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்து வந்த வருடங்களிலும் அந்த வழக்கம் மாறவில்லை. பெண்களுக்கோ ஓட்டே கிடையாது. பிரான்ஸில் பெண்கள் அந்த உரிமையைப் பெற்றதே 1944-ல்தான்.

ஆக, செக் புத்தகம் நம் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும் வேறு யாரோ போட்டார்கள்.

அடுத்து, எட்டு மணி நேரம். 1936 மே மாதம் பிரான்ஸில் தேர்தல் முடிந்து, இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஜெயித்தது. ஜூன் 4-ம் தேதி லெயோன் ப்ளூம் பிரதமர். தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடிய பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்கு அதே மாதம் சம்பள உயர்வு, சம்பளத்தோடு லீவு, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை.

செய்தி இங்கேயும் வந்தது. சவானா, ரோடியர், கெப்ளே மில்களில் நூற்றுக்கொண்டிருந்தவனும் கேட்டான். ‘அங்கே இருக்கிறதும் பிரெஞ்சுக் கொடி, இங்கே இருக்கிறதும் பிரெஞ்சுக் கொடி. எனக்கு மட்டும் ஏன் இல்லை?’ நியாயமான கேள்விதானே?

பதில் 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் கிடைத்தது. துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். பாரீஸில் தொழிலாளிகளின் சர்க்கார் பதவியேற்று எட்டே வாரம்தான் ஆகியிருந்தது!

பிறகு வ.சுப்பையா போன்றவர்களின் போராட்டம், பாரீஸ் வரை கேட்ட கூச்சல், கடைசியில் 1937 ஏப்ரலில் தொழிலாளர் சட்டம். இதைத்தான் நாம் ‘கொடுத்தான்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

இதே காலத்தில், உலகத்தின் மறுகோடியில் சுவீடனைப் பாருங்கள். 1931 மே 14. ஓடலன் என்ற பகுதியில் ஊர்வலம் போன தொழிலாளிகள் மீது ராணுவம் சுட்டது. ஐந்து பேர் பலி. அவர்களில் ஒருத்தி வேடிக்கை பார்க்க நின்ற இளம்பெண். அடுத்த வருடம் செப்டம்பரில் அங்கே பொதுத்தேர்தல். சோஷியல் டெமாக்ரட்டுகள் 230 இடங்களில் 104-ஐப் பிடித்தார்கள். பேர் அல்பின் ஹான்சன் பிரதமரானார். நடுவில் சில மாதங்கள் தவிர, 1976 வரை அந்தக் கட்சிதான் அந்த நாட்டை நடத்தியது. தேர்தலில் வேலையில்லாத் திண்டாட்டம்தான் பெரிய பிரச்னை. ஆனாலும், சுடப்பட்டவன் பக்கத்தில் நின்றவனுக்குப் பதில் சொல்ல ஒரு பெட்டி இருந்தது. பதினாறே மாதத்தில் சொல்லிவிட்டான். பெண்களும் சேர்ந்து சொன்னார்கள்.

சவானா தொழிலாளிக்கும் பெட்டி இருந்தது. அதில் அவன் குரல் விழவில்லை. அவன் தலைவிதியை மாற்றிய ஓட்டு பல ஆயிரம் மைல் தள்ளி, முகம் தெரியாத யாரோ போட்டது. அதைக்கூட இங்கே செல்லுபடியாக்க 12 பேர் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது சொல்லுங்கள். ‘கொடுத்தான்’ என்றால், யார் கொடுத்தது?

பிரெஞ்சுக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ப்ளூம் அரசு இல்லையென்றால் அந்தச் சட்டம் இன்னும் தள்ளிப்போயிருக்கும். அந்த வரவை அவர் கணக்கில் வைப்போம். ஆனால், பற்றுப் பக்கத்தில் இருக்கும் 12 உயிரை அழித்துவிட்டு எழுதினால், அது கள்ளக் கணக்கு. அவ்வளவுதான்!

‘எதற்கு சார் பழங்கதை?’ என்கிறீர்களா? அந்த ‘மேரி’ கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரசபை நடந்த இடம். சுதந்திரத்துக்குப் பிறகு புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது தெரியுமா? 2006-ல். முப்பத்தெட்டு வருஷம்! 2011-ல் அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. 2014-ல் மழையில் கட்டடமே இடிந்து விழுந்தது. அதே அச்சில் அழகாகத் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். உள்ளே போய் உட்கார, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர்கூட அன்றைக்கு இல்லை. அதே வருடம் அறிவிக்கப்பட்ட தேர்தலும் கோர்ட், வழக்கு என்று நின்றுபோனது.

கட்டடம் இடிந்தபோது ஊரே பதறியது. தேர்தல் நின்றபோது எத்தனை பேர் பதறினோம்?

உரிமை யாரோ கொடுத்தது என்று நம்புகிறவனுக்கு, அது காணாமல் போனாலும் கேட்கத் தோன்றாது. ‘கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், போகட்டும்’ என்று இருந்துவிடுவான். உயிரைக் கொடுத்து வாங்கியது என்று தெரிந்தவன் சும்மா இருக்க மாட்டான்.

அடுத்த முறை புதுச்சேரிக்கு வந்தால், கடற்கரையில் கட்டாயம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கைடு ‘கொடுத்தான்’ என்று ஆரம்பித்தால், ஒரே ஒரு வார்த்தையை மட்டும் திருத்துங்கள்.

‘‘கொடுக்கலைங்க, வாங்கினாங்க!’’