வாசற்படியில் நிற்கும் பாஷை

இரண்டு தேசங்களின் பள்ளிக்கூடங்களை ஒப்பிடப் புகுந்தால், கட்டடம் எத்தனை, உபாத்தியாயர் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்குவதுதான் வழக்கம். அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் நான் கதை எழுதுகிறவன். வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று சந்தேகம் கேட்கிறானே, அதை எந்தப் பாஷையில் கேட்கிறான் என்பதுதான் என் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் அக்கம்பக்கத்தில் இருக்கும் கென்யாவையும் டான்சானியாவையும் விடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது அரிது. டான்கனீகா 1961-லும் கென்யா 1963-லும் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றன. 1964-ல் டான்கனீகா ஜான்ஸிபாரோடு சேர்ந்து டான்சானியா ஆயிற்று. இரண்டிலும் இனத்துக்கு ஒரு பாஷை. இரண்டிலும் இனம் விட்டு இனம் பேச ஸ்வாஹிலி உண்டு. புறப்பட்ட இடம் ஏறக்குறைய ஒன்று. போன வழிதான் வேறு.

கென்யா, உயர்நிலைப் பள்ளிகளைப் பெரும்பாலும் ஊராரின் உற்சாகத்துக்கு விட்டது. ஒன்றுசேர்ந்து இழுப்போம் என்று பொருள்படும் 'ஹராம்பே' என்பது கென்யாட்டாவின் கோஷம். அதைப் பிடித்துக்கொண்டு கிராமத்தார் கைக்காசு போட்டுப் பள்ளிகள் கட்டினார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காசுள்ள ஊருக்கு ஒரு பள்ளி, காசில்லாத ஊருக்கு வேறொரு பள்ளி என்றுதானே இது முடியும்? போதனையோ ஆங்கிலத்தில். கீழ் மூன்று வகுப்புகளில் வட்டாரத்துப் பாஷை என்பது விதி; நாலாம் வகுப்பு முதல் ஆங்கிலம். 1985-ல் ஸ்வாஹிலியைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். அது ஒரு பாடமாகவே நின்றது. கணக்கும் விஞ்ஞானமும் அதன் பக்கம் வரவில்லை. 2017 முதல் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். ஆங்கிலம் மட்டும் தன் ஆசனத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

டான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே பள்ளி உபாத்தியாயராக இருந்தவர். ஜனங்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது வாத்தியார் என்றே அழைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸரை ஸ்வாஹிலியில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். 1967-ல் அவர் வெளியிட்ட சுயசார்புக் கல்வித் திட்டம், ஆரம்பப் பள்ளியை மேல்படிப்புக்கு ஏணியாக மட்டும் பார்க்காமல், அதுவே ஒரு முழுப் படிப்பாக இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் ஆரம்பப் பள்ளியின் ஏழு வகுப்புகளுக்கும் ஸ்வாஹிலியே போதனா பாஷையாயிற்று.

பலன் இல்லாமற் போகவில்லை. எட்வர்ட் மிகுவெல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், கென்யாவின் புஸியா ஜில்லாவையும் டான்சானியாவின் மேயாட்டு ஜில்லாவையும் ஒப்பிட்டு 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார். பல இனத்தார் கலந்து வாழும் இடங்களில், கென்யாவில் பள்ளிக்கு ஊரார் தரும் பணம் குறைந்தது. டான்சானியாவில் அப்படிக் குறையவில்லை. அடுத்த இனத்துப் பிள்ளையும் நம் பிள்ளைதான் என்ற மனோபாவம் வளர்ந்ததற்குப் பொதுப் பாஷையும் ஒரு காரணம் என்பது அவர் முடிவு.

இவ்வளவு சொன்ன பிறகும், டான்சானியாவைத்தான் நான் அதிகமாகக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு வருஷம் ஸ்வாஹிலியில் படித்த பையன் உயர்நிலைப் பள்ளியின் வாசற்படியில் கால் வைத்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. உபாத்தியாயர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஸ்வாஹிலியில் விளக்குகிறார். புரிந்துகொள்வது ஒரு பாஷையில். பரீட்சை எழுதுவது இன்னொன்றில். இடைவெளியை மனப்பாடத்தால் நிரப்ப வேண்டும். சர்க்காரே நியமித்த கமிஷன் 1982-ல் உயர்நிலைப் பள்ளியையும் ஸ்வாஹிலிக்கு மாற்றச் சொல்லிற்று. நைரேரேயின் சர்க்காரே அதை ஏற்கவில்லை! 2012-ல் நான்காம் பாரம் பரீட்சை எழுதியவர்களில் பாதிக்கு மேல் தவறிப்போய், முடிவுகளையே திருத்தி வெளியிட வேண்டி வந்தது. பாஷை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்ததைச் சொல்ல வாயில்லாதவன், தெரியாதவன் கணக்கில்தான் சேருகிறான்.

பெற்றோர்கள் ஆங்கிலம் வேண்டும் என்கிறார்களே என்று கேட்கலாம். நம் ஊரிலும் கேட்கிற கேள்விதான். அவர்கள் கேட்பது உத்தியோகம். அதன் கதவில் ஆங்கிலப் பூட்டைத் தொங்கவிட்டது சர்க்கார். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, நல்ல உபாத்தியாயரைக் கொண்டு கற்றுக்கொடுப்பதை யார் தடுத்தார்கள்?

கென்ய நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ, பள்ளியில் தாய்ப்பாஷை பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். 1977-ல் கிக்கூயு பாஷையில் ஒரு நாடகம் போட்டதன் பேரில் சிறை சென்றார். அங்கே கக்கூஸ் காகிதத்தில் அதே பாஷையில் ஒரு நாவல் எழுதினார். 2025-ல் காலமானார். கென்யாவின் பள்ளி அவர் பாஷையை வெளிப்படையாகவே விரட்டியது. விரட்டப்பட்டவனுக்கு எதிரி யாரென்று தெரிந்தது. டான்சானியப் பையனுக்கு அந்தத் தெளிவுகூட இல்லை. ஏழு வருஷம் உபசரித்த பிறகு வாசற்படியில் நிறுத்திவிடுகிறார்கள். அவன் தன்னையே மக்கு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். இரண்டில் எது பெரிய கொடுமை என்று கேட்டால், பின்னதுதான் என்பேன்.