மேற்கோளும் மேன்மையும்

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை எதனைக்கொண்டு அளவிடுதல் தகும்? அவர் எழுதிய கட்டுரைகளின் தொகையைக் கொண்டா? அன்றி, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்னுங் கணக்கைக் கொண்டா? பல்கலைக்கழகங்களிலே பதவியையும் பொருளுதவியையும் இவ்வெண்கள் தீர்மானிக்கும் இக்காலத்தில் இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. யப்பானியக் கலவியலறிஞர் யோசினோரி ஓசுமியின் ஆக்கங்களை முன்வைத்து இதனை ஆராய்வாம்.

அமெரிக்கரான இயூசின் காபீல்ட் 1955 இல் முன்மொழிந்து 1964 இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோட் சுட்டி, ஒரு கருத்து எக்கட்டுரையிற் தோன்றி எவ்வெவற்றிற் பரந்தது என்று தேடுவோர்க்கு வழிகாட்டவே எழுந்தது. வழிகாட்டியாக வந்தது நாளடைவில் தராசாக மாறிற்று. 2005 இல் இயற்பியலறிஞர் ஹேர்ஷ் வகுத்த எச் சுட்டெண், ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஓர் எண்ணுள் அடக்கிவிட்டது.

1945 இற் பிறந்த ஓசுமி, தமது நாற்பத்து மூன்றாம் வயதில், 1988 இலேயே தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தமக்கென ஓர் ஆய்வுகூடம் பெற்றார். கலத்தின் குப்பைக்கிடங்கு எனப் பலரும் ஒதுக்கிய புன்வெற்றிடத்தையே அவர் பொருளாகக் கொண்டார். கலம் தன் கூறுகளைத் தானே சிதைத்து மீளப் பயன்படுத்துந் தன்னுண்ணல் என்னும் செயலுக்கு பெல்சிய அறிஞர் டி டுவே 1963 இற் பெயரிட்டிருந்தார். ஆயினும் அச்செயலை இயக்குவன யாவை என்பது விளங்கவில்லை. புரதமுடைக்கும் நொதியங்களை இழந்த மதுவக் கலங்களை ஓசுமி பட்டினியிட்டார். சில மணி நேரத்துள் புன்வெற்றிடத்தினுள்ளே நுண்ணிய உருண்டைகள் திரண்டன. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியே அவற்றைக் காட்டிற்று. இது 1992 இல் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டில், மாணவி மிக்கி சுக்காடாவுடன் அவர் எழுதிய கட்டுரை ஆறு பக்கங்களே கொண்டது. சிற்றாய்வுகளை வெளியிடும் ஒரு சஞ்சிகையில் அது வந்தது. விகாரமுற்ற கலங்களிலிருந்து தன்னுண்ணலுக்கு இன்றியமையாத பதினைந்து பரம்பரையலகுகள் உண்டென அது நிறுவிற்று. அப்பரம்பரையலகுகள் ஒவ்வொன்றின் தொழிலும் யாதென அது கூறவில்லை. எனினும், பின்வந்தோர் புகுதற்குரிய வாயில் அதுவே. அவர் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் இப்பொருள்பற்றி ஆண்டுக்கு இருபது கட்டுரைகள் வருதலும் அரிது என அவரே கூறியுள்ளார். எண்ணுவதற்கு ஆளில்லாத இடத்தில் எண்ணிக்கை எங்ஙனம் பெருகும்?

இங்கு நோக்கத்தக்கது மற்றொன்று. முலையூட்டிக் கலங்களிலே தன்னுண்ணலை இனங்காட்டும் ஒரு புரதம்பற்றி, ஓசுமியும் உடனாசிரியராக இருக்க, 2000 இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அது 1993 ஆம் ஆண்டுக் கட்டுரையினும் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டது. அது சிறந்த ஆய்வே. ஆனால் அதன் மேற்கோட் பெருக்கத்துக்குக் காரணம், எவ்வாய்வுகூடமும் கையாளத்தக்க கருவியொன்றை அது அளித்தமையாம். 1951 இல் லவ்ரி முதலியோர் புரதத்தை அளக்கும் முறைபற்றி எழுதிய கட்டுரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. அது பெரிய கட்டுரையன்று என்பதை லவ்ரியே ஒப்புக்கொண்டார். எண்ணிக்கை பயன்பாட்டின் பரப்பைக் காட்டுமேயன்றிக் கண்டுபிடிப்பின் ஆழத்தைக் காட்டாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? டி டுவே ஆக்கிய சொல்லை இன்று யாவரும் வழங்குகின்றனர். அவரை மேற்கோள் காட்டுவார் சிலரே. பொதுவுடைமையாகிவிட்ட கருத்து கணக்கினின்று மறைந்துபோகின்றது.

மேற்கோட் கணக்கு முற்றும் பயனற்றதெனக் கூறுதல் மிகையாகும். ஒரு துறை வளர்ந்த வழியை அது காட்டும். முகம்பார்த்து வழங்கும் சலுகையையும் ஓரளவு தடுக்கும். ஆனால், படித்தறியும் உழைப்பிற்கு அது ஈடாகாது. இதனை உணர்ந்தோருட் கலவியலாரும் உளர். 2012 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கலவியற் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்திலே உருவாகி, அடுத்த ஆண்டில் வெளியான பிரகடனம், சஞ்சிகையின் தாக்கக் காரணியைக்கொண்டு தனிக் கட்டுரையையோ ஆய்வாளரையோ மதிப்பிடலாகாது என வற்புறுத்திற்று.

ஓசுமிக்கு 2016 இல் நோபெற் பரிசு கிடைத்தது. அப்போது அவர் கட்டுரைகளின் மேற்கோட்டொகை பெரிதாகியிருந்தமை உண்மையே. ஆயினும் அத்தொகை 1993 இலும் பெரிதாயிருந்திருக்க முடியாது. அன்று அவ்வாறு பக்கங்களின் மதிப்பை அறிய விரும்பியவர்க்கு அவற்றைப் படிப்பதைத் தவிர வேறு வழியிருந்ததில்லை. ஆராய்ச்சித்துறை புக விரும்பும் மாணவர்க்கும், அவர்தம் ஆய்வை மதிப்பிடும் ஆசிரியர்க்கும் இன்றும் உள்ள வழி அதுவேயாகும்.