சில்லறை நிகழ்ச்சிகளும் மாநகரமும்: அசோகமித்திரனின் புனைகதைகளை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ்ப் புனைகதை பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் பெருநிகழ்ச்சிகளையே தேடிச் செல்வன. வர்க்க முரண்பாடு, சாதிக் கொடுமை, பெண்ணடிமை, இன ஒடுக்குமுறை ஆகியன ஒரு படைப்பில் எவ்வாறு இடம்பெறுகின்றன என்னும் வினாவே பல்கலைக்கழகத் தமிழாய்வில் முதல் வினாவாக வேரூன்றியுள்ளது. க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்த பின்னர் நாவலைச் சமுதாய வரலாற்றினின்றும் பிரித்து நோக்குதல் எவர்க்கும் எளிதாயிருக்கவில்லை. அஃது நன்மையே. ஆயினும் அவ்வினாவின் வலைக்கண்களுக்குள் அகப்படாது நழுவிவிடும் ஒருவகை எழுத்து உண்டு. பஸ் தவறிப்போதல், குழாயில் தண்ணீர் வராமை, கடைத்தெருவுக்குப் போனவன் வெறுங்கையுடன் திரும்புதல், தேடிப் போன வீடு பூட்டிக் கிடத்தல் போன்ற சில்லறை நிகழ்ச்சிகளையே பொருளாகக் கொண்ட எழுத்து அது. பெருநகர வாழ்க்கையின் அன்றாடம் இத்தகைய சிறு புறப்பாடுகளாலும் சிறு இடறல்களாலும் ஆனது. அதனைத் தமிழில் முழுமையாக எழுதியவர் அசோகமித்திரன் என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து. அவ்வெழுத்து நமது பிரதேச வாசகனுக்கு எவ்வாறு பொருள்படுகிறது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

‘நமது பிரதேசம்’ என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சவளக்கடையிலிருந்து கல்முனைக்குப் புறப்படும் ஒருவன் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தே செல்லல் வேண்டும். மாரியில் வெள்ளம் தாம்போதியை மேவும் நாட்களில் இடைவழியில் நின்றவர் யார், சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீரில் இறங்கியவர் யார், சாரன் நனையத் திரும்பி வந்தவர் யார் என்பதெல்லாம் அன்று மாலைக்குள் சந்தித் தேநீர்க் கடைகளில் தெரிந்துவிடும். ‘காக்கா, நேற்று நீங்களும் தண்ணிக்குள்ள மாட்டிட்டீங்களாமே’ என்று மறுநாள் ஒருவர் கேட்பார். இடறல் நிகழ்ந்த கணத்திலேயே அது பேச்சாகி, பேச்சு சிரிப்பாகி, ஊரின் பொதுச்சொத்தாகி விடுகிறது. சிற்றூரின் இடறலுக்குச் சாட்சி உண்டு. மாநகரத்தின் இடறலுக்கு அஃது இல்லை. அங்கே ஆயிரம் பேர் காண ஒருவன் வழுக்கி விழலாம். விழுந்தவன் இன்னான் என்பதை அறிந்தவர் ஒருவரும் இரார். இவ்வேறுபாட்டை மனங்கொண்டாலன்றி நகரச் சிறுகதையின் உருவம் நமக்கு விளங்காது.

இவ்வகை எழுத்தின் தொடக்கம் புதுமைப்பித்தனிடத்தே உள்ளது. 1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில் நின்று டிராமுக்கும் வெற்றிலைக்கும் கணக்குப் பார்க்கும் மனிதரைக் காண்கிறோம். கையிலுள்ள சில்லறைக் காசே நகரத்தை அளக்கும் கோல் என்பதை முதன்முதற் கண்டவர் புதுமைப்பித்தன் எனலாம். ஆனால் அவருக்கு அந்தக் கணக்கு மட்டும் போதவில்லை. கடவுளையே சென்னைக்கு வரவழைத்தார். அங்கதத்தின் வெற்றி அது. அன்றாடம் தன்னளவில் கதையாவதற்கு இன்னும் ஒரு தலைமுறை செல்ல வேண்டியிருந்தது.

1931இல் செகந்திராபாத்தில் பிறந்த ஜ. தியாகராஜன் என்னும் அசோகமித்திரன், தந்தை இறந்த பின்னர் 1952இல் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் 1966 வரை பணியாற்றினார். 2017இல் மறையும்வரை அந்நகரமே அவருக்கு வீடாகவும் பொருளாகவும் இருந்தது. வந்தேறியாகவே நகரத்தை அறிந்தவர் என்பது முக்கியமானது. நகரத்தைப் போற்றுவதற்கோ தூற்றுவதற்கோ வேண்டிய உரிமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ என்னும் நூலில் நகரின் பகுதிகளைப் பற்றி எழுதும்போதும், அங்கே நடந்து திரிந்தவன் என்ற தகுதிக்கு அப்பால் எதனையும் அவர் கோரவில்லை.

‘எலி’ என்னும் சிறுகதையைச் சற்று விரிவாக நோக்குவோம். கதைப்பொருளைச் சொல்லின் கேட்பவர் நகைப்பர். வீட்டில் எலித்தொல்லை. பொறி உண்டு, பொறிக்குள் வைக்க இரை இல்லை. நடுத்தர வர்க்கத்து வீட்டில் மீதம் என்று எதுவும் எஞ்சவில்லை. வீட்டுத்தலைவன் இரவில் வடை வாங்கப் புறப்படுகிறான். வழியில் மேடைப்பேச்சு ஒன்று காதில் விழுகிறது. வடை கிடைக்கிறது. மறுநாள் எலியும் அகப்படுகிறது. வெளியிடத்தில் கொண்டுபோய் அதனை விடுகிறான். காக்கை அதன்மீது பாய்கிறது. அதன்பின் பொறிக்குள் பார்த்தால், வடை தின்னப்படாமலே கிடக்கிறது.

இக்கதையிலே நிகழ்ந்தது யாது? ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே ஒரு சிறு புறப்பாடு, அவ்வளவே. ஆயினும் மீதமே இல்லாத சமையலறை ஒரு குடும்பத்தின் பொருளாதார நிலைமையைப் புள்ளிவிவரங்களினும் தெளிவாகக் கூறிவிடுகிறது. மேடையிலே உலகம் பேசப்படுகையில் மேடைக்குக் கீழே ஒருவன் வடைக்காக நிற்பது அரசியல் விமர்சனமன்றி வேறென்ன? இவையிரண்டையும் எந்த விமர்சகனும் எளிதிற் காண்பான். காணத் தவறக்கூடியது மூன்றாவது. தின்னப்படாத வடை அம்மனிதனைத் துன்புறுத்துகிறது. எலியைக் கொல்வதில் அவனுக்கு இருந்த நியாயத்தில் ஏதோ ஓர் உடன்பாடு அடங்கியிருந்தது: நான் உனக்கு ஓர் உணவு தந்தேன் என்பது. அந்த உடன்பாடு நிறைவேறவில்லை. இதனைச் சொல்வதற்கு அவனுக்கு ஊரில் ஒருவரும் இல்லை, சொன்னாலும் சிரிப்பர். சாட்சியற்ற இடறல் என்று மேலே குறிப்பிட்டது இதனையே. ஊரார் வகிக்க வேண்டிய சாட்சியின் இடத்தை இக்கதையில் ஆசிரியர் வகிக்கிறார். அதுவும் தீர்ப்புச் சொல்லாத சாட்சி.

‘புலிக்கலைஞன்’ கதையிலும் இதுவே நிகழ்கிறது. ஸ்டூடியோ ஒன்றிற்கு வேலை கேட்டு வரும் காதர், எவரும் எதிர்பாராத கணத்தில் அந்த அறைக்குள்ளேயே புலியாகி விடுகிறான். பார்த்தவர்கள் திகைக்கின்றனர்; ஆட்டம் முடிந்ததும் அவன் மீண்டும் பசித்த மனிதனாகி நிற்கிறான். பின்னர் அவனைத் தேடும்போது அவன் இல்லை. நமது கரையோர ஊர்களில் ஒரு காதரை இவ்வாறு தொலைத்துவிட முடியாது. அவன் எந்தக் குடியைச் சேர்ந்தவன், எந்தப் பள்ளிவாசலில் தொழுபவன் என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாமவர் வீட்டுக்கே அழைத்துப் போவார். மாநகரத்தில் ஒரு மகாகலைஞன் தொலைந்து போவதற்குக் கொடியவன் எவனும் தேவைப்படுவதில்லை. விலாசம் ஒன்று பயனற்றுப் போனாற் போதும்.

நாவல்களுள் இதற்கு உச்சமான சான்று ‘தண்ணீர்’. கணையாழியில் தொடராக வந்து 1973இல் நூலான இந்நாவலில் ஜமுனா, சாயா என்னும் சகோதரியரின் வாழ்வும் நகரின் தண்ணீர்ப் பஞ்சமும் ஒன்றினுள் ஒன்றாகப் பின்னப்பட்டுள்ளன. பருவமழையை நம்பிய ஏரிகளிலிருந்து நீர்பெறும் நகரம் சென்னை. மழை பொய்த்தால் வீட்டுக்கு வீடு கைப்பம்பு வறண்டுபோகும். குடத்துடன் தெருத்தெருவாக அலைதல் இங்கே புறப்பாடு. அகழ்ந்த தெருவும் சாக்கடை கலந்து வரும் குழாய்நீரும் இங்கே இடறல்கள். சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனா சாவின் விளிம்புக்குச் சென்று திரும்புகிறாள். டீச்சரம்மா தன் வாழ்க்கையை அவளுக்குச் சொல்லும் இடத்தில் புரட்சி எதுவும் பேசப்படவில்லை. ஆயினும் அதன்பின் ஜமுனா குடத்தை எடுக்கிறாள். அடுத்த வீட்டுக்கும் சேர்த்து ஓடத் தொடங்குகிறாள். தமிழ் நாவலில் கூட்டுணர்வு பிறக்கும் தருணங்கள் பல உள. கோஷமின்றி ஒரு பித்தளைக் குடத்தைச் சுமந்துகொண்டு அது பிறந்த இடம் இதுபோல் வேறொன்றை நான் அறியேன்.

ஒப்புநோக்குக்கு ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தை எடுத்துக்கொள்ளலாம். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்த அக்கதையும் ஒரு சிறு நகரப் பயணத்திலேயே தொடங்குகிறது. மழை, பஸ் நிறுத்தம், முன்பின் அறியாதவன் ஒருவனின் கார். ஆனால் ஜெயகாந்தன் அந்நிகழ்ச்சியைச் சமூகத்தின் முன் நிறுத்தி வழக்காடுகிறார். தாய் மகளின் தலையில் நீரூற்றும்போது தீர்ப்பும் கூறப்பட்டு விடுகிறது. வாசகர்கள் அத்தீர்ப்பை ஏற்றோ மறுத்தோ கடிதம் எழுதலாம். அசோகமித்திரனின் கதையை வாசித்தவன் யாருக்குக் கடிதம் எழுதுவது? இரு முறைகளும் தேவையானவையே. எனினும் நமது விமர்சனம் முதலாவதை மட்டுமே முற்றாக உள்வாங்கிக்கொண்டது. இரண்டாவதை ‘நடுத்தர வர்க்கத்தின் சலிப்பு’ என்று ஒரு சொற்றொடரில் ஒதுக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. சலிப்பை எழுதுபவர் வேறு. சலிப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை எழுதுபவர் வேறு.

இதுகாறும் கூறியது புகழுரையாயின் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. இவ்வெழுத்தின் அடியிலே ஒரு நிபந்தனை கிடக்கிறது. சிறு இடறல் சிறு இடறலாகவே முடிவதற்கு ஒருவகை நகரம் வேண்டும். வடை வாங்கப் போனவன் வீடு திரும்புவான் என்பதில் வாசகனுக்கு ஐயமிருத்தலாகாது. பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸில் வருவான் என்ற நம்பிக்கையின் மீதே அக்கதைகள் எழுப்பப்பட்டுள்ளன. அந்நம்பிக்கை குலையும் நகரத்தில் இவ்வுருவம் என்னவாகும்?

அசோகமித்திரனே இதனை அறிந்திருந்தார். 1977இல் வெளிவந்த ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ அதற்குச் சான்று. செகந்திராபாத்தில் சந்திரசேகரன் என்னும் இளைஞன் சைக்கிளில் திரிகிறான், கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். நாவலின் பெரும்பகுதி சில்லறை நிகழ்ச்சிகளே. ஆனால் நிஜாம் ஆட்சியின் இறுதிக்கட்டம் அது, றஸாக்கர்களின் காலம், 1948 செப்டெம்பரில் இந்தியப் படை நுழைகிறது. அதன் பின்னர் ஒரு கலவர இரவில் அவன் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் ஓடி நுழைய நேர்கிறது. அவனைக் கொலையாளியென அஞ்சிய ஒரு சிறுபெண், தன் குடும்பத்தைக் காக்கத் தன்னையே தர முன்வந்து நிற்கிறாள். அவன் அருவருத்து, கூசி, ஓடுகிறான். சைக்கிளில் சுற்றிய பையனின் புறப்பாடு முடிந்த இடம் அது. தமிழும் முஸ்லிமும் அடுத்தடுத்து வாழ்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்க அஞ்சிய நமது கரையோரத்தில், இவ்விறுதியை வெறும் நாவல் முடிவாக வாசிப்பது கடினம். சென்னையைப் பற்றி இவர் எழுதிய அமைதியான கதைகள் யாவும், அந்த இரவை அறிந்த ஒருவரால் எழுதப்பட்டவை. சிறியது சிறியதாகவே முடிவதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

ஈழத்துத் தமிழ் எழுத்தில் இத்தகைய நகரக் கதை ஏன் அருகிக் காணப்படுகிறது என்ற வினாவுக்கும் விடை இங்கேயே உள்ளது. எமது எழுத்தாளர்க்குத் திறமை போதாமையன்று. கல்முனையில் இரவு பஸ் ஏறி விடியலில் கொழும்பில் இறங்குபவனுக்கு 1983 ஜூலையின் பின்னர் நீண்டகாலம் அப்பயணம் சிறு புறப்பாடாக இருக்கவில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி நடத்தலும், அடையாள அட்டையை எடுத்து நீட்டலும், தங்குமிடத்தில் பொலிஸ் பதிவும் அதன் அங்கங்களாயின. அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வருதல் அசோகமித்திரனின் நகரத்தில் ஒரு நகைச்சுவைக் கதையாகலாம், இந்நகரத்தில் ஆகாது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. 2019 ஏப்ரில் 21இன் பின்னர் அட்டையிலுள்ள பெயர் வேறு சிலருக்குப் புதிதாகப் பாரமாயிற்று. இத்தகைய நகரத்தில் மறதி ஒரு குற்றமாகிவிடுகிறது. மறதியைப் பற்றிய கதை எவ்வாறு பிறக்கும்?

ஆயினும் நமது மண்ணிலேயே ஒரு படைப்பு இவ்வுருவத்தையும் அதன் முறிவையும் ஒருங்கே பதிவு செய்துள்ளது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், 1977இன் யாழ்ப்பாண நிகழ்ச்சிகளைப் பொருளாகக் கொண்டு எழுதிய ‘நேற்றைய மாலையும் இன்றைய காலையும்’ என்னும் கவிதையே அது. பெரும்பாலும் அரசியற் கவிதையாகவே அது வாசிக்கப்படுகிறது; மேற்கோளுக்கு எடுக்கப்படுவதும் காலைப் பகுதியே, துப்பாக்கிகள் வந்துவிட்ட பகுதி. மாலைப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறோம். அங்கே நண்பர்கள் சைக்கிளில் நகரத்துக்குப் போகின்றனர். புத்தகக் கடை வாசலில் நின்று பத்திரிகைகளைப் புரட்டுகின்றனர். பஸ் நிலையத்துக் கூட்டத்தைப் பார்க்கின்றனர், தேநீர் குடிக்கின்றனர், படம் பார்க்கின்றனர், வீடு திரும்புகின்றனர். இடறல்கூட இல்லை. கவிதைக்கு உரியது என்று எதையும் அங்கே தேடிப் பிடிக்க முடியாது.

அம்மாலைப் பகுதியைத் தனியே எடுத்து, கடையின் பெயரும் சந்தியின் பெயரும் தவறாது, அவசரமின்றி ஒருமுறை வாசித்தல் வேண்டும். அந்தத் தேநீர் எவ்வளவு சாதாரணமானதாக இருக்கிறதோ அவ்வளவுக்கே மறுநாட் காலை கனக்கிறது. காலையில் எரிந்தவை கட்டடங்கள். பத்திரிகையை வாங்காமலே புரட்டிப் பார்த்துவிட்டு வைக்கும் அந்த உரிமைக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, மாலைப் பகுதியிடமே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.