வருவதற்கு அளவுகோல் உண்டு, போவதற்கு?

சிப்களைப் பொருத்திச் சோதிக்கும் புதிய ஆலையைக் கோஸ்டா ரிக்காவில் அமைக்கப்போவதாக 1996 நவம்பரில் இன்டெல் அறிவித்தபோது பலரும் வியந்தனர். பிரேசில், மெக்சிகோ, சிலி ஆகியவை போட்டியில் இருந்தன. வென்றதோ மக்கள்தொகை 40 லட்சத்தைக்கூட எட்டாத ஒரு சிறு நாடு. முதலீடு சுமார் 30 கோடி டாலர். பன்னாட்டு நிறுவனங்கள் நாடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையின் வலிமையும் குறையும் இந்த ஒரே தேர்வில் தெரிகின்றன. மலிவான கூலியைத் தேடித்தான் அவை அலைகின்றன என்ற பொதுவான நம்பிக்கை இங்கே பொருந்தவில்லை. மின்சாரம் தடையின்றிக் கிடைக்குமா, சரக்கு விமானங்கள் போதுமா, தொழில்நுட்பம் படித்தவர்கள் எத்தனை பேர், ஆட்சி மாறினால் சட்டமும் மாறுமா என்று இன்டெல்லின் குழு நுணுக்கமாக ஆராய்ந்தது. தொழிற்சங்க விதிகளிலிருந்து தனி விலக்குத் தர மெக்சிகோ முன்வந்தது. அது இன்டெல்லைக் கவரவில்லை. இது இயல்புதான்: ஒருவருக்காக வளைக்கப்படும் விதி, நாளை அவருக்கு எதிராகவும் வளையக்கூடும். கோஸ்டா ரிக்கா காட்டியது, தடையற்ற வணிக மண்டலத்தில் தகுதியுள்ள எந்த நிறுவனத்துக்கும் கிடைக்கும் சலுகையை: 8 ஆண்டுகள் முழு வருமான வரி விலக்கு, அடுத்த 4 ஆண்டுகள் பாதி விலக்கு. அத்துடன் தொழில்நுட்பக் கல்வியையும் விரிவாக்கியது. ஒரு நிறுவனத்தின் கேள்விகள் ஓர் அரசைத் தன் கல்வியைச் சீராக்கவைத்தன என்றால், அந்தத் தேர்வு முறைக்குரிய பெருமையை மறுக்க முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனம் நாட்டைத் துருவித் துருவிப் பார்க்கிறது. நாட்டுக்கோ நிறுவனத்தை அப்படிப் பார்க்க வழியில்லை. போட்டி நாடுகள் என்ன தர முன்வந்தன, எத்தனை ஆண்டுக் கணக்கில் ஆலை திட்டமிடப்பட்டது, எந்த நிலை வந்தால் மூடப்படும் என்பதெல்லாம் ஒரு தரப்புக்கு மட்டுமே தெரியும். 2014 ஏப்ரலில் இன்டெல் அந்த உற்பத்திப் பிரிவை மூடி, வேலையை ஆசியாவிலுள்ள தன் ஆலைகளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. சுமார் 1,500 பேர் வேலை இழந்தனர். நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரு நிறுவனத்தைச் சார்ந்திருந்தது. 2020 இறுதியில் அதே உற்பத்தியை மீண்டும் தொடங்குவதாக இன்டெல் சொன்னது. 2025 ஜூலையில் அதையும் வியட்நாம், மலேசிய ஆலைகளோடு இணைப்பதாக அறிவித்தது. நிலையான ஆட்சி, படித்த இளைஞர்கள், நம்பகமான சட்டம் எல்லாம் அங்கே அப்படியே இருந்தன. மாறியது நிறுவனத்தின் கணக்கு மட்டுமே. எந்த நாட்டின் மதிப்பீட்டுப் பட்டியலிலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

லாபத்துக்காக இயங்கும் நிறுவனம் நிரந்தரமாகத் தங்க வேண்டும் என்று கேட்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். அதன் வருகையால் கோஸ்டா ரிக்கா பெற்றதும் அதிகம்: பொறியியல், வடிவமைப்புப் பணிகள் அங்கேயே தொடர்ந்தன, நாட்டின் மேல் விழுந்த வெளிச்சம் வேறு நிறுவனங்களை அழைத்துவந்தது, மருத்துவக் கருவிகள் இன்று அதன் முதன்மை ஏற்றுமதிச் சரக்கு. ஆனால் இந்த எதிர்வாதமே என் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஆலை போன பிறகும் நிலைத்தது, எல்லோருக்கும் பொதுவாக அமைந்த கல்வியும் சட்டமும்தான். வரிவிலக்கு மட்டும் தந்திருந்தால், ஆலையோடு அதன் பயனும் போயிருக்கும்.

சலுகை தராவிட்டால் பக்கத்து நாடு தட்டிச் சென்றுவிடும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஏழை நாடுகளின் நிதியமைச்சர்களை அச்சுறுத்துவதும் இதுதான். அச்சம் பொய்யில்லை. ஆனால் 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற 15 சதவீதக் குறைந்தபட்ச வரித் திட்டம் அதன் கூர்மையைக் குறைத்திருக்கிறது. அத்திட்டத்தை நடைமுறைப்படுத்தும் நாடுகள், பெரும் பன்னாட்டுக் குழுமங்கள் பலவும் வேறிடத்தில் அந்தக் குறைந்தபட்ச அளவுக்குச் செலுத்தாமல் விட்ட வரியைத் தாங்களே வசூலிக்க முடியும். அப்படியானால் ஏழை நாடு விட்டுக்கொடுக்கும் வருவாய், நிறுவனத்தின் கைக்குக்கூடப் போகாமல் இன்னொரு அரசின் கருவூலத்தில் சேரலாம். எனவே பேரம் பேச உட்காரும் அரசு, வரிவிலக்கின் ஆண்டுகளைக் கூட்டுவதை விட்டுவிட்டு, உள்ளூர்ப் பயிற்சிக்கான செலவையும் மூடுவதற்கு முன்னான அறிவிப்புக் காலத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை மக்கள் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும்.