தோற்ற அபிப்ராயம்

மரபைப் பற்றி நம்மிடையே நடக்கும் சர்ச்சைகளில், மரபு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் அதை ஒரு மொத்தச் சரக்காகவே பாவிக்கிறார்கள். ஒருவர் அதைப் பூஜை அறையில் வைக்கிறார். மற்றவர் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார். மூட்டையைப் பிரித்து, உள்ளே எது எதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும் பொறுமை இரு தரப்புக்கும் இல்லை. 'எழுத்து' காலத்துப் புதுக்கவிதைச் சண்டையிலிருந்து இன்று வரை இந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை. மரபு இன்றைய வாழ்வுக்குப் பொருந்துமா என்று அந்த உருவத்தில் கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டு விடைகள்தான் கிடைக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்ய முடியாது.

இதே கேள்வியை ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷங்களாக வேறு விதமாகக் கேட்டு வருகிறவர்கள் யூத ரபிகள். ரபி நம் அர்ச்சகர் மாதிரி அல்ல. கோயில் இடிந்த பிறகு முக்கியத்துவம் பெற்றவர். கி.பி. 70-ல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்ததோடு பலியும் பூசாரியின் அதிகாரமும் போயின. மிஞ்சியது ஒரு நூலும், அதைப் படித்து வழக்காடத் தெரிந்த சிலரும். அந்த வழக்காடலின் தொகுப்பு கி.பி. 200 வாக்கில் உருவான மிஷ்னா. அதன்மேல் எழுந்த விவாதம் தல்மூத். ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் படித்த அளவில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றின் தெய்வ நம்பிக்கை அல்ல, கேள்வியின் அளவு. மரபு பொருந்துமா என்று ரபி கேட்பதில்லை. இந்த நாளில், இந்தக் கையால், இந்த சுவிட்சைத் தொடலாமா என்று கேட்கிறார்.

ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகளாக மிஷ்னா 39 வகைகளைப் பட்டியலிடுகிறது. உழுவது, நெய்வது, கட்டுவது, தீ மூட்டுவது என்று போகும் பட்டியல். மின்சாரம் வந்தபோது அதை எந்த வகையில் சேர்ப்பது என்ற பிரச்னை எழுந்தது. பல்பின் இழை பழுத்து ஒளிர்வதால் அது தீ மூட்டல் என்றார்கள் பலர். 'ஹஸோன் இஷ்' என்று தம் நூலின் பெயராலேயே அறியப்பட்ட அவ்ரஹாம் கரெலிட்ஸ் (மறைவு 1953), அறுந்து கிடக்கும் சுற்றை இணைப்பதே கட்டுமானம் என்றார். ஷ்லோமோ ஸல்மான் அவர்பாக், இருபத்தைந்து வயதில், 1935-ல், மின்சாரத்தைப் பற்றித் தனி நூலே எழுதியவர். அவர் இதை ஏற்கவில்லை. திறக்கவும் மூடவும் என்றே செய்த கதவைத் திறப்பதைக் கட்டுவது என்று யாராவது சொல்வார்களா என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனாலும் வழக்கம் நிலைத்துவிட்டதால் தொடாதிருப்பதே சரி என்று முடித்தார். அமெரிக்காவில் கன்ஸர்வேடிவ் பிரிவு ரபிகளின் சட்டக் குழுவில் 1950-ல், விளக்குப் போடலாம், ஜெப ஆலயம் போக மட்டும் கார் ஓட்டலாம் என்று ஒரு தரப்பு தீர்மானித்தது. கூடாது என்றது மறுதரப்பு. இரண்டு அபிப்ராயங்களும் பதிவாயின.

இதெல்லாம் வெறும் குதர்க்கம் என்று தோன்றலாம். ஹஸோன் இஷ் எழுப்பிய அடுத்த கேள்வி அப்படித் தோன்றவிடாது. ஓய்வுநாளில் யூதத் தொழிலாளி மின்நிலையத்தில் வேலை செய்து அனுப்பும் மின்சாரத்தில் என் வீட்டு விளக்கு எரியலாமா? கூடாது என்றார். அவர் வசித்த ப்னே ப்ராக் நகரில் அதற்காகவே ஓய்வுநாளில் தனி ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நான் அத்திப்பட்டில் வசிப்பவன். வட சென்னை அனல் மின் நிலையம் இங்கே இருக்கிறது. 1994-ல் உற்பத்தி தொடங்கி, பின்னர் வந்த இரண்டாம் கட்டத்தையும் சேர்த்து 1830 மெகாவாட் திறன். நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறது. எரிந்த சாம்பல் குழாய்வழியாகச் செப்பாக்கம் பக்கம் போகிறது. பொங்கலன்றும் தீபாவளியன்றும் ராத்திரி ஷிப்டுக்கு ஆட்கள் போகிறார்கள். நம் கவிதைகளில் எவ்வளவோ விளக்குகள் எரிந்திருக்கின்றன. அகல், குத்துவிளக்கு, தெருவிளக்கு. இதற்காக யார் விழித்திருக்கிறார்கள் என்பது நமக்கு மரபைப் பற்றிய கேள்வியாக வந்ததில்லை. அதைத் தொழிற்சங்கத்துக்கு ஒதுக்கிவிட்டோம். ரபிக்கு அது சாஸ்திர விசாரம்.

எபிரேயக் கவி பியாலிக் முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். தல்மூதில் சட்டப் பகுதிக்கு ஹலாகா என்றும், கதை, உவமைப் பகுதிக்கு அகாதா என்றும் பெயர். கவிஞர் அகாதாவின் பக்கம் நிற்பார் என்றுதான் எதிர்பார்ப்போம். பியாலிக் ஹலாகாவுக்காக வாதாடினார். மரபை நேசிப்பதாகச் சொல்லி உருகுகிறவர்கள் அதன் பேரில் எந்தக் கடமையையும் ஏற்கத் தயாராக இல்லை என்பது அவர் புகார். நம் கோபுர நிழல் கவிதைகளுக்கும் திண்ணை ஏக்கக் கதைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். அவற்றில் மரபு ஒரு மனநிலை. எழுதுகிறவனுக்கு அதனால் காலணா செலவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. ஹில்லேல், ஷம்மாய் என்ற இருவர் வழிவந்த பள்ளிகளுக்குள் ஓயாத தகராறு. பெரும்பாலும் வென்றது ஹில்லேல் பள்ளி. ஆனால் மிஷ்னா ஷம்மாய் பள்ளியின் கருத்தையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. தீர்ப்பு பெரும்பான்மைப்படிதான் என்றால், தோற்றவன் அபிப்ராயத்தை ஏன் பதிய வேண்டும்? இந்தக் கேள்வியை மிஷ்னாவே கேட்கிறது, இரண்டு பதில்களும் தருகிறது. பின்னால் வரும் ஒரு சபைக்கு இந்தச் சிறுபான்மைக் கருத்து தேவைப்படலாம், அன்று அது ஆதாரமாக நிற்கட்டும் என்பது ஒன்று. பின்னால் எவனாவது இதைக் கொண்டுவந்து நீட்டினால், இது அன்றே தள்ளுபடியானது என்று வாயை அடைக்கலாம் என்பது ரபி யூதா சொன்ன மற்றது. மாற்றுக் கருத்தை ஏன் காக்க வேண்டும் என்பதிலேயே மாற்றுக் கருத்து. ஒருவருக்கு அது விதை, மற்றவருக்கு அது குற்றப் பதிவேடு. ஏடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம் உரை மரபை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நமக்கும் சண்டை போடத் தெரியும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணரை சேனாவரையர் மறுக்கும் வேகம் எந்த ரபிக்கும் குறைந்ததல்ல. ஆனால் பரிமேலழகரைப் பாருங்கள். தமக்கு உடன்பாடில்லாத உரையை, இப்படிச் சொல்வாரும் உண்டு என்ற தோரணையில் ஒரு வரியில் சொல்லி, அடுத்த வரியில் தள்ளிவிடுகிறார். சொன்னவர் பெயர் இராது. குறளுக்குப் பத்து உரைகள் இருந்ததாக ஒரு பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. நம் கைக்கு வந்தவை ஐந்து. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகியோரின் உரைகள் போய்விட்டன. கரையானை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓர் உரை வென்றுவிட்டால் மற்றதைப் படியெடுப்பது வீண் வேலை என்ற மனப்பான்மைக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். ரபி யூதாவின் காரணம் நமக்கு எட்டியது. முதல் காரணம் எட்டவில்லை.

இதோடு நிறுத்தினால் யூத மரபைப் புகழ்ந்து தமிழ் மரபைக் கடிந்த இன்னொரு கட்டுரையாக இது முடியும். ரபிகளைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிக்கிறார்கள். அவர்களுக்குப் பிரியமான கதை அடுப்புக் கதை. ஒரு மண் அடுப்பு தீட்டுப்படுமா என்பது வழக்கு. ரபி எலியேசர் ஒருவர் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் எதிர்ப்பக்கம். எலியேசர் தம் கட்சிக்கு மரத்தைப் பெயர்ந்து போக வைக்கிறார், ஓடையைத் திருப்பி ஓட வைக்கிறார், கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரலே அவர் சொல்வதுதான் சரி என்கிறது. ரபி யோசுவா எழுந்து, சட்டத்தை எங்களிடம் கொடுத்தாயிற்று, இனி வானத்துக்கு இதில் ஓட்டு இல்லை என்ற கருத்தில் பதில் சொல்கிறார். கடவுள் சிரித்து, பிள்ளைகளிடம் தோற்றதை ஒப்புக்கொள்கிறார். பகுத்தறிவுக்கு எவ்வளவு அருமையான கதை!

கதை அங்கே முடிவதில்லை. வென்றவர்கள் அன்றே எலியேசர் சுத்தம் என்று தீர்ப்பளித்திருந்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அவரைச் சபையிலிருந்து விலக்குகிறார்கள். சேதி சொல்லப் போன அகிபா கறுப்பு உடுத்தி, நாலு முழம் தள்ளி உட்கார்ந்து, நண்பர்கள் உங்களை விட்டு விலகுகிறார்கள் போலிருக்கிறது என்கிறார். எலியேசர் செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்ந்து அழுகிறார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கருகுகிறது. கடைசியில், விலக்கிய சபையின் தலைவர் இறந்துபோகிறார். தல்மூத் இந்தப் பிற்பகுதியை மறைக்கவில்லை. பாராட்டுகிறவர்கள்தான் சிரிப்போடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வாதத்தில் தோற்றவனின் கருத்தைப் பத்திரமாக எழுதிவைத்துவிட்டு அவனை வெளியே உட்காரவைக்க முடியும் என்பதைத்தான் இந்தப் பகுதி சொல்கிறது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. யூதர்கள் நமக்குத் தூரத்தவர்கள் அல்ல. 1688-ல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்களில் வைரமும் பவளமும் வியாபாரம் செய்ய வந்த போர்த்துகீசிய யூதர்களும் இருந்தார்கள். கொச்சியில் அவர்களுக்கும் வெகு காலம் முன்பிருந்தே யூதர்கள் உண்டு. கொச்சி யூதர்களிடையே பட்டம் பெற்ற ரபி எவரும் கிடையாது. பெரியவர்கள் ஊர்க் காரியங்களைப் பார்த்துக்கொண்டார்கள், சந்தேகம் வந்தால் கடல் கடந்து கடிதம் எழுதிக் கேட்டார்கள். அப்படி 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்ன் ஸிம்ராவுக்கு ஒரு கேள்வி போயிற்று. இங்கே சிலர் தங்களைத் தூய வம்சத்தார் என்று சொல்லிக்கொண்டு, மற்றவர்களை அடிமை வழியினர் என்று தள்ளிவைத்து, பெண் கொடுக்கவோ எடுக்கவோ மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று. ரபியின் பதிலில் தயக்கமில்லை. சந்தேகம் இருந்தால் முறைப்படி நீரில் மூழ்கவைத்து அதைத் தீர்த்துவிடுங்கள், அதன்பின் அவர்கள் சபையில் முழு உறுப்பினர்கள், கல்யாணத்துக்குத் தடையில்லை என்றார்.

நல்ல தீர்ப்பு. கொச்சியில் அதை யாரும் செயல்படுத்தவில்லை. 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில் 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று அழைக்கப்பட்டவர்களின் சந்ததிக்கு உள்ளே ஆசனமில்லை. நாலு வருணம் கண்ட ஊரில் யூதர்களும் வருணம் கண்டார்கள். அந்தச் சந்ததியில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். சென்னையில் படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனவர். அவர் காந்தியின் முறையைத் தம் ஜெப ஆலயத்துக்குள் கொண்டுபோனார். தம் பிள்ளைகளோடு சம உரிமை கேட்டு சத்தியாக்கிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஆசனம் கிடைத்தது. 1950-ல் அவர் மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும் எதிர்ப்பு அடங்கவில்லை. கெய்ரோ ரபி எழுதி அப்போது நானூறு வருஷங்கள் ஆகியிருந்தன.

இது பழங்கதையும் அல்ல. மகாராஷ்டிரத்திலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய பெனே இஸ்ரேல் யூதர்களின் கல்யாணத்துக்கு வம்ச விசாரணை வேண்டும் என்று அங்குள்ள தலைமை ரபிகள் 1962-ல் உத்தரவிட்டார்கள். 1964-ல் எருசலேம் தெருவில் போராட்டம் நடந்தது. பாராளுமன்றம் கூடிச் சொன்ன பிறகுதான் அந்த உத்தரவிலிருந்து அவர்களுடைய பெயர் நீக்கப்பட்டது.

பின்னால் வரும் சபைக்குத் தோற்ற அபிப்ராயம் ஆதாரமாகும் என்ற மிஷ்னாவின் வாதத்தை நான் இந்தச் சம்பவங்களோடு சேர்த்துத்தான் படிக்கிறேன். அந்தச் சபை தானாக வருவதில்லை. கொச்சிக்கு அது ஒரு வக்கீலின் உருவத்தில் வந்தது, சபைக்கு வெளியிலிருந்து கற்ற முறையோடு வந்தது. ஏடு மட்டும் இருந்து ஆசனம் கேட்க ஆளில்லாவிட்டால் நியாயம் நானூறு வருஷம் பெட்டியில் கிடக்கும். ஆளிருந்து ஏடில்லாவிட்டால், கேட்பது புதிதாக முளைத்த வம்பு என்று சொல்லிவிடுவார்கள். மரபு இன்றைக்கு உதவுமா என்பது இந்த இரண்டும் சந்திக்கிறதா என்பதைப் பொறுத்தது.

நமக்கும் அப்படி ஓர் ஏடு இருக்கிறது. 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசர், குறளை பௌத்த நூலாகக் கொண்டு உரை எழுதிவந்தார். 1914-ல் மறைந்தார், உரை முற்றுப்பெறவில்லை. 1999-ல் ஞான. அலாய்சியஸ் அவர் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிடும்வரை நம் விமர்சகர்களில் அநேகம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அவருடைய சொல்லாராய்ச்சியில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஏற்காதவன்தான் அதை முதலில் அச்சிட வேண்டும் என்பேன். ஹில்லேல் பள்ளி வென்றதற்குத் தல்மூத் சொல்லும் காரணம், அவர்கள் எதிராளியின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் வைத்தார்கள் என்பது. நம் சிறுபத்திரிகைச் சண்டைகளில் இந்த மரியாதையை நான் அதிகம் பார்த்ததில்லை. எதிராளியின் வாக்கியத்தில் பாதியை வெட்டித்தான் நாம் பதில் எழுதுகிறோம்.

அச்சிட்ட தல்மூதின் பக்கம் வெனிஸில் 1520களில் பாம்பர்க் பதிப்பித்த அமைப்பில்தான் இன்றும் வருகிறது. நடுவில் மூலம். ஒரு பக்கம் ராஷியின் உரை. மறுபக்கம் அவரை மறுத்தும் திருத்தியும் எழுதியவர்களின் உரை, அவர்களில் ராஷியின் பேரன்மாரும் உண்டு. குறளுக்கு அப்படி ஒரு பக்கம் அமைக்கலாம். நடுவில் குறள். ஒரு பக்கம் பரிமேலழகர், மறுபக்கம் அயோத்திதாசர், கீழே மணக்குடவரும் காளிங்கரும் பரிதியாரும் பரிப்பெருமாளும். தருமருக்கும் தாமத்தருக்கும் பெயரைப் போட்டு இடத்தைக் காலியாக விடலாம். மரபைப் பற்றி இன்னொரு கருத்தரங்கம் நடத்துகிற செலவில் இதைச் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.