ஆழ்கடலும் உயர்மலையும்: கலைநோக்கு பற்றிய ஒரு குறிப்பு

ஆழ்கடலை ஆராயும் விஞ்ஞானியோடு கலைஞன் இணைந்து தொழிற்படுவது இன்றைய கலையுலகிற் பெருகிவரும் போக்காகும். கடலுக்குத் தொலைவிலுள்ள ஊவாத் தோட்டங்களுக்கும் இக்கலைக்கும் யாது தொடர்பு என வினவுவோருக்கு ஒரு நூல் விடை தருகின்றது. ஒஸ்திரிய ஓவியர் இயூஜீன் வொன் ரன்சொனே இலங்கைக் கரையோரத்தில் மணிவடிவ மூழ்குகலத்தினுள் இருந்து கடலடிக் காட்சிகளை வரைந்தார். 1867 இல் வியன்னாவில் வெளிவந்த அவரது நூல் அக்காட்சிகளையும் இந்நாட்டின் உயர்மலைகளையும் ஒருங்கே கொண்டது. மலையும் கடலடியும் அன்று புறத்தார் கண்ணுக்கு ஒரேவகைப் புதுநிலங்களே.

ரன்சொனே தாம் கண்டதை வரைந்தார். ஆழ்கடலிலோ கலைஞன் பிறர் கண்ணை நம்பவேண்டியவனாகின்றான். 1934 இல் பேர்மியூடாவுக்கு அப்பால் வில்லியம் பீப் எஃகுக் கோளமொன்றில் 923 மீற்றர் ஆழஞ் சென்றார். அவர் தொலைபேசியிற் கூறியவற்றை மேலிருந்த குளோரியா ஹொலிஸ்டர் குறித்துக்கொண்டார். பீப்பின் விவரணங்களைக் கொண்டே எல்ஸே பொஸ்டல்மான், அவ்வாழத்தில் தாம் இறங்கிக் காணாத ஒளியுமிழ் மீன்களைத் தீட்டினார். இருளினின்று ஒளியைப் பிரித்தெடுக்கும் அவரது திறன் வியக்கத்தக்கது. ஆயின் தொலைபேசிக் கம்பியும் குறிப்பேடும் ஓவியத்தில் இல்லை. பலர் உழைப்பால் விளைந்த காட்சி, இயற்கை தானே காட்டியது போலத் தோன்றுகின்றது.

இக்குறையைப் பதுளை வாசகர் எளிதில் இனங்காண்பர். தெமோதரைப் பாலமும் தேயிலைச் சரிவுகளும் சுற்றுலாப் படங்களில் அவ்வாறே இயற்கையழகாக நிற்கின்றன. கொழுந்து பறிப்பவளின் கூடை படத்தில் உண்டு. அவளது நாட்கூலியும் லயன் அறையும் இல்லை.

மறைக்கப்படும் இப்பகுதியையே ஆர்மின் லிங்கே தம் பொருளாக்கினார். 2018 இல் வெனிசிலுள்ள கடல்விஞ்ஞான நிறுவகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்ட அவரது படைப்பில் ஆய்வுகூடங்களும் இயந்திரங்களும் கடலடிக் கனிய உரிமை பற்றி வாதிடும் மண்டபங்களும் இடம்பெறுகின்றன. பொஸ்டல்மானின் ஓவியங்கள் தரும் வியப்பு இங்கில்லை என்பது உண்மையே. எனினும் கடல் எவ்வாறு உடைமையாகின்றது என்பதை அது புலப்படுத்துகின்றது. கலை விஞ்ஞானத்துக்குச் செய்யத்தக்க பணியும் அதுவே.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. இலங்கைக்குத் தெற்கே இந்துசமுத்திரத்திலுள்ள அபனாசி நிகிற்றின் கடலடிமலையிற் கோபாற்றுப் படிவுகளை ஆராய இந்தியா 2024 இல் அனுமதி கோரியது. அக்கடலடியின் அழகிய படங்கள் நாளை நம்முன் வைக்கப்படலாம். அப்போது, காண்பவர் யார், உழைப்பவர் யார், உரிமை கொள்பவர் யார் என்று திறனாய்வாளன் வினவுதல் வேண்டும். மலைகள் பங்கிடப்பட்ட பின்னரே நாம் எழுப்பிய வினா இது. கடலடி பங்கிடப்படுமுன் எழுப்ப இன்னும் காலமுண்டு.